ஓதம் சுமந்தவர்கள்

துவாஸ் முனையில், பதினோராம் எண் அளவுக்கம்பியருகே
டார்ச் வெளிச்சத்தில் மட்டம் பார்க்கிறேன்.
போன மாதத்தைவிடப் பதினான்கு மில்லிமீட்டர்
இறங்கியிருக்கிறது நிலம்.
மண் இறுகுகிறது என்கிறது அறிக்கை.
எனக்குத் தெரியும்,
எக்கன் தோள் மாற்றுகிறான்.

அப்போது இங்கே கரையே இல்லை.
நெடுநீராளின் ஏவலர் எழுவர்
நாளுக்கு இருமுறை கடலைத் தூக்கினார்கள்,
நாளுக்கு இருமுறை இறக்கினார்கள்.
ஏற்றத்தை மீன்கள் பாடின,
வற்றத்தை நண்டுகள் வைதன,
சுமந்தவர் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.
கூலி நிலவு தரும் என்பது பேச்சு.
அது பாதி மாதம் தேயும்;
மீதி மாதம் கடன் சொல்லும்.

ஒரு நடுநிசி, பாதித் தூக்கலில்,
"போதும்" என்றான் எக்கன்.
கையுறை கழற்றுவதுபோல
அவ்வளவு எளிதாக இறக்கி வைத்தான்.
பின்னாலேயே ஐவர் இறக்கினார்கள்.
ஏழாமவன் கழியன் மட்டும்
இரண்டு பக்கமும் பார்த்தான்,
பிடியை விடவில்லை.

கடல் நின்றது.
நின்ற கடலை நீங்கள் பார்த்ததில்லை:
சட்டியில் ஆறிப்போன எண்ணெய்.
முதன்முதலாகத் தன் முகத்தை முழுதாகக் கண்ட கொக்கு
பயந்து பறந்தது.
அலையாத்தி வேர்கள் மூச்சுக்குத் தவித்தன.
மூன்று நாள். நான்காம் நாள் நாறியது.

அறுவரும் சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
அன்றுதான் ஒருவன் முதுகை ஒருவன் பார்த்தான்.
"உனக்கும் இங்கேயா காய்ப்பு?"
தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள்.
கதையில் இந்த இடத்தை யாரும் சொல்வதில்லை.
நான் சொல்வேன்.

நெடுநீராள் வந்தாள்.
இடியில்லை, சூலமில்லை, ஆயிரம் கையில்லை.
ஜோகூர்ப் பக்கமிருந்து சாய்வாக
ஒரு சாயங்காலத் தூறலாக வந்தாள்.
"ஓய்வுதானே கேட்டீர்கள்?
எடுத்துக்கொள்ளுங்கள்."
குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம்.

நீட்டிய கால்கள் நீட்டியபடியே மணலாயின.
சிரித்த வாய்களில் களிமண் நிறைந்தது.
அசைய வேண்டாம், இனி ஒருபோதும்.
சுமை மட்டும் வரும்.

வந்தது. பாறை, பாறைமேல் கான்கிரீட்,
தலை அண்ணாந்தாலும் முடியாத பாரந்தூக்கிகள்,
ஆளில்லாமல் ஓடும் வண்டிகள்,
எவருடைய சட்டைகளோ எவருடைய குளிர்பெட்டிகளோ
அடைத்த கொள்கலன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

கழியனுக்கு?
கீழ்ப்படிந்தவனுக்கு அவள் கொடுத்த பரிசு
மற்ற அறுவர் பங்கு.
நீரிணையில் இப்போதும் தனியாகத் தூக்குகிறான்.
விடியுமுன் அவன் முனகுவதைக்
கப்பல் எந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

போன வியாழன், விடுதி வாசலில்,
கூரை கிழிந்த லாரியில் ஏறமாட்டோமென்று
பத்தொன்பது பேர் நின்றோம்.
வேலவேந்தன் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம்.
பிறகு தூறியது.
தலையில் கையை வைத்துக்கொண்டு
அந்தக் கிழிசலுக்குக் கீழேயே
ஒவ்வொருவராக ஏறினோம்.
சில்ஹெட்காரன் ரஃபீக்குல் மட்டும்
நனைந்தபடி நின்றான்.
நான் லாரியின் கம்பியைப் பிடித்திருந்தேன்.
பிடியை விடவில்லை.

மேற்பார்வையாளர் அவனிடம் தணிவாகத்தான் சொன்னார்:
"ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."
அவன் கட்டில் இன்னும் காலி.
அவன் பங்குக் கம்பிகளையும் இப்போது
நான்தான் படிக்கிறேன்.

பதினான்கு என்று எழுதுகிறேன்.
கம்பியின் தலையில் உள்ளங்கை வைக்கிறேன்:
இந்நேரத்திலும் வெதுவெதுப்பு.
பகல் வெயிலின் மிச்சம் என்பார்கள்.
கீழே ஒருவன் இன்னொருவன் முதுகைத் தொட்டு
என்னவோ சொல்கிறான்.

பன்னிரண்டாம் கம்பிக்கு
நூற்றைம்பது அடி நடக்க வேண்டும்.
மெதுவாக நடக்கிறேன்,
மிதிக்காமல் நடக்க முடிந்தவரை.